இரண்டு வாட் சர்வர்

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் பல ஊர்களில் இந்தக் குரலைக் கேட்கலாம். ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னால் அடுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் குடங்கள், கைப்பிடியில் தொங்கும் ஸ்பீக்கரில் ஓயாமல் ஓடும் பதிவு: “பழைய செல்போன், உடைஞ்ச செல்போன், ஆன் ஆகாத செல்போன் எடுத்துட்டு வாங்க!” போனைக் கொடுத்தால் ஒரு வாளி, இல்லையென்றால் மூடி போட்ட டப்பா. பீரோ மேல் தூசி படிந்து கிடந்த சாமானுக்கு வாளி கிடைக்கிறதே என்று கொடுத்துவிடுகிறோம்.

வியாபாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாளிக்குப் போகும் சரக்கு என்ன என்பதை மட்டும் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஊர் முழுக்க 4ஜி போனுக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் இறக்கிய ரெட்மி நோட் 4, அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகம் விற்ற போன்களில் ஒன்று. அதன் உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் 625 சிப். எட்டு கோர்கள்; எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 வகை; வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். ராம் 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி வரை. இதற்கு முந்தைய ஆண்டில்தான் இங்கிலாந்திலிருந்து ராஸ்பெரி பை 3 வந்தது. இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் பச்சைப் பலகை. அதிலும் அதே கார்டெக்ஸ் ஏ53தான்; ஆனால் நான்கே கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ராம். பேட்டரி கிடையாது, திரை கிடையாது, கேமராவைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அந்தப் பலகையை வீட்டுச் சர்வராக வைத்து உலகமெங்கும் எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து அதை வாங்குகிறோம். அதைவிடத் தெம்பான ஒன்றை வாளிக்குப் போடுகிறோம்.

போன் பழசாகிறது என்றால் உண்மையில் எது பழசாகிறது? அருப்புக்கோட்டையில் எந்த மொபைல் சர்வீஸ் கடையிலும் கேட்டுப் பாருங்கள். “போர்டுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. டிஸ்பிளே போடுற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா வேற போனே வாங்கிரலாம்” என்பார்கள். திரை உடையும், பேட்டரி சோரும், சார்ஜ் போடும் முனை தேயும். இவை மூன்றும் வெளியுறுப்புகள். நான்காவதாக ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கம்பெனி மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிடும். ரெட்மி நோட் 4 விற்பனைக்கு வந்தது 2017-இல். ஆண்ட்ராய்டுக்கு அடியில் அதில் ஓடிய லினக்ஸ் கெர்னலின் 3.18 பதிப்பு, 2014 டிசம்பரில் வெளியானது. சிப் தயாரிப்பாளர் தன் டிரைவர்களை அந்தப் பதிப்போடு ஆணி அடித்து இறுக்கிவிட்டதால், போன் கம்பெனி நினைத்தாலும் எளிதில் மேலே ஏற்ற முடியாது. பிறந்தபோதே அந்தப் போனுக்கு இரண்டு வயது ஆகிவிட்டிருந்தது. கணக்குப் போடும் மூளைக்கு மட்டும் இதனால் ஒரு குறையும் இல்லை.

சர்வர் என்றதும் ஏசி அறையும் விளக்கு மினுக்கும் அலமாரிகளும் ஞாபகத்துக்கு வரும். செய்கிற வேலையில் அந்தப் பந்தா கிடையாது. ஒரு கணினி, போர்ட் எனப்படும் ஒரு எண்ணில் காதைக் கொடுத்துக் காத்திருக்கும். இன்னொரு கருவி அந்த எண்ணில் கூப்பிட்டு ஒரு படமோ பக்கமோ கேட்டால் எடுத்துக் கொடுக்கும். மறுபடி காத்திருக்கும். வீட்டு அளவிலான சர்வருக்குப் பெரும்பாலான நேரம் காத்திருப்பதுதான் உத்தியோகம். மிகக் குறைந்த மின்சாரத்தில் இராப்பகலாக விழித்துக் காத்திருப்பதற்கென்றே உருவாக்கிய கணினி எது என்று யோசித்தால், போனைத் தவிர வேறில்லை. அழைப்பு எப்போது வரும் என்று தெரியாமல் சட்டைப்பையில் நாள் முழுக்கக் கிடப்பது அதன் பிறவிக்குணம்.

எவ்வளவு குறைந்த மின்சாரம்? திரையை அணைத்து, வைஃபையை மட்டும் ஓடவிட்டால் இத்தகைய போன் ஒன்றிரண்டு வாட் இழுக்கும். கூட்டியே இரண்டு என்று வைப்போம். ஒரு நாளைக்கு 48 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு 2.9 யூனிட். அதே வேலைக்கு மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை எடுத்தால், 60 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஆகும். 2016-இலிருந்து தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறில் பெரும்பங்கை டெஸ்க்டாப் ஒன்றே தின்றுவிடும். ஃபேன், மிக்ஸி, டிவி எல்லாம் காசுக்குப் போகும். போனோ மூன்று யூனிட்டைக்கூட முழுசாகத் தொடாது. 20 வாட் சோலார் பேனல் ஒன்று திருச்சுழி வெயிலில் அதைத் தாராளமாகத் தாங்கும். தென்கிழக்கே கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் முழுத் திறனை இப்படி இரண்டிரண்டு வாட்டாகப் பங்கு போட்டால் 32 கோடி போன்களுக்கு வரும். வீண் கணக்குதான், ஆனாலும் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

போனைப் போனாக அல்லாமல் வெறும் கணினியாகப் பார்க்கும் எண்ணம் புதிதல்ல. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட்டில், சரல் செயற்கைக்கோளோடு ஸ்ட்ராண்ட்-1 என்ற சின்னஞ்சிறு பிரிட்டிஷ் செயற்கைக்கோளும் ஏறிப் போனது. அதன் வயிற்றில் இருந்தது கடையில் விற்ற நெக்சஸ் ஒன் போன். விண்வெளிக்குப் போன முதல் ஸ்மார்ட்போன் செயற்கைக்கோள் நம் ராக்கெட்டில்தான் போயிருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் நாசாவும் போன்சாட் என்ற பெயரில் அதே போன்களை அனுப்பியது. டோஃபர் வைட் என்ற அமெரிக்கர் பழைய போன்களைச் சோலார் தகடுகளோடு மழைக்காட்டு மரங்களின் உச்சியில் கட்டி, திருட்டு ரம்பத்தின் சத்தம் கேட்டால் தகவல் வரும்படி செய்தார். (நம் பக்கம் ரம்பம் சத்தம் போட்டால் அது பெரும்பாலும் சீமைக்கருவேலமாகத்தான் இருக்கும், யாரும் யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை.)

இந்தத் துறையில் மிகவும் யோசித்துச் செய்த வேலை என்று எனக்குப் படுவது, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜெனிஃபர் ஸ்விட்சரும் கூட்டாளிகளும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. பத்து பழைய பிக்சல் 3ஏ போன்களைக் கோத்து ஒரு குட்டி சர்வர் கூட்டத்தை உண்டாக்கி, அதில் ஒரு சமூக வலைத்தளச் செயலியையே ஓடவிட்டார்கள். ஓடியது பெரிதில்லை, அவர்கள் கேட்ட கேள்விதான் பெரிது. ஒரு கருவி பிறந்ததிலிருந்து சாகும்வரை வெளியிடும் மொத்தக் கார்பனை, அது வாழ்நாளில் செய்து முடித்த கணக்குவேலையால் வகுத்தால் என்ன வரும்? போன் விஷயத்தில் கார்பனின் பெரும்பங்கு தயாரிப்பிலேயே போய்விடுகிறது; ஆப்பிள் தன் போன்களுக்கு வெளியிடும் அறிக்கைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அப்படித்தான். அந்தச் செலவு செய்தாகிவிட்டது. மேற்கொண்டு போன் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பழைய கடனை இன்னும் அதிகம் பேருக்குப் பங்கு பிரிக்கிறது.

இங்கே ஒரு பொடி எழுத்து நிபந்தனை இருக்கிறது, ஆர்வலர்கள் அதைச் சொல்வதில்லை. தேவையே இல்லாத சர்வரை, போன் கிடக்கிறதே என்பதற்காக ஓட்டினால் மிச்சம் எதுவும் இல்லை. வருடம் 17 யூனிட் வீண், அவ்வளவுதான். வேறு எதையோ வாங்காமல் தவிர்த்தால், அல்லது ஏற்கெனவே ஓடும் பெரிய மெஷினை அணைத்தால்தான் லாபம்.

சரி, திருச்சுழியில் ஓட்டுவதென்றால் முதல் எதிரி வெயில். சான் டியாகோவின் கடற்காற்றுக்கு எழுதிய யோசனை குண்டாற்றங்கரைக்கு அப்படியே ஒத்துவராது. கோடையில் வெளியே 40 டிகிரி என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். லித்தியம்-அயான் பேட்டரிக்கு ஆகாத விஷயங்கள் இரண்டு: சூடு, முழு சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் நாசம். பேட்டரி ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் அட்டவணைப்படி, 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில், முழு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 65. அதே 40 டிகிரியில் சார்ஜை மட்டும் 40 சதவீதத்தில் நிறுத்தினால் 85. வெயிலைக் குறைக்க நம்மால் முடியாது. சார்ஜைக் குறைக்க முடியும்.

சார்ஜரை எப்போதும் செருகியே வைப்பதுதான் எல்லோரும் செய்வது. செல் நாள் முழுக்க உச்ச வோல்டேஜில் நிற்கிறது. உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் நேர்முனையில் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாத வாயு, பையை ஊதவைக்கிறது. முதல் அறிகுறி சின்னது: பின்மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி, அல்லது மேஜையில் வைத்தால் போன் தட்டையாக உட்காராமல் ஆடுவது. அந்த நிலையில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று நினைக்கவே கூடாது. சார்ஜரை உருவிவிட்டு, தீப்பிடிக்கும் சாமான்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

வராமல் தடுக்க மலிவான வழி, மோட்டார் போடவும் மீன்தொட்டிக்கும் வாங்கும் 24 மணி நேர டைமர் பிளக். சுற்றிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குட்டிப் பற்கள் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பல் மட்டும் அழுத்திவிட்டால் அரை மணி சார்ஜ் ஏறும், மீதி நேரம் பேட்டரியில் ஓடும். இரண்டு வாட் போன் இரண்டு மணி நேரத்தில் தின்பது நான்கு வாட்-மணி. எட்டு வாட் ஏற்றும் சார்ஜர் அரை மணியில் கொடுப்பதும் நான்கு. பற்களைக் கூட்டிக் குறைத்து, சார்ஜ் நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் நிற்கும்படி பழக்கிக்கொள்ளலாம். கரண்ட் போனால் டைமரின் கடிகாரமும் நின்று பின்தங்கும். ஒரே தாளம் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதால் அதனால் ஒன்றும் கெடாது. இடத்தைப் பொறுத்தவரை, பழைய மண் சுவர் வீடுகளில் இருக்கும் மாடக்குழியைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. நிழல், மூன்று பக்கமும் கனத்த சுவர், துணியோ தாளோ சேராத இடம். சிமெண்ட் வீடென்றால் தரைமட்டத்துக்குப் பக்கத்தில், பின்கவரைக் கழற்றிவிட்டு நிற்க வைக்கலாம்.

பேட்டரியே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தினர் 2025-இல் அறிவித்த முயற்சியில், பழைய போன்களின் பேட்டரியைக் கழற்றி வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். ஒரு போனுக்கு ஏறத்தாழ 8 யூரோ செலவு. தண்ணீருக்கு அடியில் கடல் உயிர்களைக் கண்காணிக்க வைத்துப் பார்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. செய்யும்போதுதான், பேட்டரி இணைப்பில் பிளஸ், மைனஸ் தவிர இன்னும் ஒன்றிரண்டு முனைகள் இருப்பது தெரியும். அதில் ஒன்று சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரிலிருந்து வருவது. அந்த முனையிலிருந்து ஒழுங்கான பதில் வராவிட்டால் பல போன்கள் ஆன் ஆகவே மறுக்கும். சால்டரிங் கை பழகாதவர்கள் டைமரோடு நின்றுகொள்ளலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் பேட்டரி என்பது கையோடு வந்த யுபிஎஸ். அதைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது எதிரி ஆண்ட்ராய்டு. அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்; பெரிய சர்வர்களில் ஓடும் அதே வம்சம். டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை நிறுவினால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் இடம் கிடைக்கும். அங்கிருந்து வெப்சர்வர், பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 7 இருந்தால் போதும், போனை ரூட் செய்ய வேண்டியதில்லை. பிளே ஸ்டோரைவிட எஃப்-டிராய்டு என்ற தளத்திலிருந்து எடுப்பது நல்லது. ஒரே ஒரு கட்டுப்பாடு: 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எண்களைச் சாதாரணச் செயலிக்குக் கெர்னல் கொடுக்காது. அதனால்தான் இத்தகைய சர்வர்கள் 8080, 8022 என்று பெரிய எண்களில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் ஆண்ட்ராய்டு பேட்டரியைக் காப்பாற்றப் பிறந்த மென்பொருள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, அசையாமல் கிடக்கும் போனை அது ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளிவிடும். நம் சர்வரோ அசையாமல் கிடப்பதற்கென்றே வைத்தது! இதற்கு மேல் சீன நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு, திரை அணைந்ததும் செயலிகளைக் கொல்லும் ஏற்பாடுகளைச் செருகியிருக்கும். ரெட்மி போன்ற போன்களில் பேட்டரி சேவரில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ கொடுக்க வேண்டும், ஆட்டோஸ்டார்ட்டை இயக்க வேண்டும், ரீசன்ட் திரையில் செயலியின் மேல் பூட்டுப் போட வேண்டும், டெர்மக்ஸின் அறிவிப்பில் ‘வேக் லாக்’ தட்ட வேண்டும். நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் நடு ராத்திரியில் சர்வர் படுத்துவிடலாம். இந்த விஷயத்தில் புதிய போனைவிடப் பழசே தேவலை: ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு, செயலிகள் கிளப்பும் துணைவேலைகள் 32-ஐத் தாண்டினால் அது தானாகவே வெட்டத் தொடங்கியது.

ஆண்ட்ராய்டை அடியோடு எடுத்துவிட்டு முழு லினக்ஸை ஏற்றும் வழியும் இருக்கிறது. 2017-இல் ஆலிவர் ஸ்மித் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஒரு போனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்பதையே குறிக்கோளாக வைத்தது. ரெட்மி நோட் 4-ம் அதன் பட்டியலில் இருக்கிறது. இதற்கு, போன் எழும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். ஷாவ்மி காத்திருக்க வைத்தாவது திறந்து விட்டது. நம் ஊர்களில் அதிகம் விற்ற விவோ, ஒப்போ போன்களில் பெரும்பாலும் வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவியை, கம்பெனி கைகழுவிய பிறகும் கொடுக்காமல் வைத்திருப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

மூன்றாவது சிக்கல் வாசல். வீட்டுக்குள் வைஃபையில் இருப்பவர்களுக்கு சர்வர் உடனே கிடைக்கும். வெளியூரிலிருந்து கூப்பிட்டால் கிடைக்காது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசியாவின் பங்கு 2011-லேயே ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. அதனால் மொபைல் கம்பெனிகள் ஒரே முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரே கதவு எண்ணில் நாற்பது குடித்தனம் இருக்கும் வளவு போல: உள்ளேயிருந்து கடிதம் போடலாம், வெளியிலிருந்து கதவு எண்ணை மட்டும் எழுதிப் போட்டால் யாருக்கென்று தபால்காரருக்குத் தெரியாது. ஐபிவி6 தனி முகவரி கொடுக்கிறது. ஆனாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு பல இணைப்புகளில் வழியிலேயே மறிக்கப்படுகிறது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதைச் சுற்றிக்கொண்டு போகின்றன: இரண்டு முனைகளும் உள்ளிருந்தே வெளியே அழைத்து, நடுவில் கைகோத்து, பூட்டிய சுரங்கப்பாதை ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவதைவிட இதுவே சரி. சிம்மைக் கழற்றி, ஃபேக்டரி ரீசெட் செய்து, வங்கி, யுபிஐ எதுவும் இல்லாமல் ஆக்கிய பிறகே போனை இந்த உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும்.

என்னைக் கேட்டால், கரிசல்காட்டு ஊர்களுக்கு வெளிவாசலைவிட உள்வாசல்தான் முக்கியம். இணையமே இல்லாமல் ஓடும் சர்வரைச் சொல்கிறேன்.

கிவிக்ஸ் என்ற மென்பொருள் 2007-இல் பிறந்தது. முழு விக்கிப்பீடியாவையும் சுருக்கி ஒரே கோப்பாக அடைத்துக் கொடுக்கும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். அந்தக் கோப்பு ஒரு சாதாரண மெமரி கார்டில் அடங்கிவிடும். கிவிக்ஸின் ஆண்ட்ராய்டு செயலியில் ஹாட்ஸ்பாட் வழியே புத்தகங்களைப் பரிமாறும் வசதி உள்ளிருக்கிறது. பழைய போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதை இயக்கினால், சுற்றியிருப்பவர்கள் தங்கள் பிரௌசரில் 192.168.43.1:8080 என்று தட்ட வேண்டியதுதான். குண்டாறு என்று தேடினாலும் ஒளிச்சேர்க்கை என்று தேடினாலும் பக்கம் வந்து நிற்கும். டேட்டா பேக் வேண்டாம், டவர் வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஹாட்ஸ்பாட் எண் பெரும்பாலும் இதுவேதான், கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். போனின் ஹாட்ஸ்பாட்டில் எட்டு, பத்து பேருக்கு மேல் சேர முடியாது என்பது குறை. மாதக் கட்டணம் கட்டாமல் கிடப்பில் போட்ட ஒரு பழைய ரௌட்டரை நடுவில் வைத்தால் ஒரு வகுப்பே சேரலாம்.

விக்கிப்பீடியாவோடு நிறுத்த வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் பெரும்பாலும் வெறும் எழுத்து, இடம் அடைக்காது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் வெளியிடும் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. அரசுப் பாடநூல்களின் பிடிஎஃப்கள் இருக்கின்றன. நூலகத்துக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு கிராமத்தில், டியூஷன் நடக்கும் திண்ணையில் இதை வைக்கலாம். 2018-இல் நீதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தமிழ்நாட்டில் குறித்தவை இரண்டே: திருச்சுழி இருக்கும் விருதுநகரும், பக்கத்து ராமநாதபுரமும். பெரிய திட்டங்கள் வரட்டும். ஓர் உடைந்த திரைப் போனும் ஒரு மெமரி கார்டும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்டத்து மோட்டாரைப் போனால் கட்டுப்படுத்துவதும் இதே குடும்பம்தான். ஆட்டோ ஆன்சரில் போட்ட பழைய பட்டன் போனின் இயர்போன் ஓட்டையிலிருந்து எம்டி8870 என்ற சிப்புக்கு ஒயர் இழுத்து, அதைக் கூப்பிட்டு எண்ணை அழுத்தினால் ரிலே விழும்படி செய்வது பாலிடெக்னிக் மாணவர்கள் தலைமுறையாகச் செய்த புராஜெக்ட். இப்போது அந்த வேலைக்கு ஸ்டார்ட்டர் பெட்டிகளே கடையில் கிடைக்கின்றன. ஸ்மார்ட்போனை மோட்டார் ரூமின் சூட்டில் வாட்ட வேண்டாம்.

வீட்டுக்கென்று ஒரே ஒரு வேலை கொடுப்பதானால் போட்டோக்களைக் கொடுக்கலாம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாச் சேமிப்பை நிறுத்தியது. 15 ஜிபி நிறைந்தால் மாதக் காசு. டெர்மக்ஸுக்குள் சின்க்திங் என்ற நிரலை நிறுவி, வீட்டிலுள்ளவர்களின் போன்களிலும் அதைப் போட்டுவிட்டால், அவற்றில் எடுக்கும் படங்கள் வைஃபைக்குள் வந்ததும் பழைய போனின் கார்டுக்குத் தாமாகவே ஒரு பிரதி போய்ச் சேரும். ஆனால் ஃபிளாஷ் மெமரி சாஸ்வதமல்ல. ஒவ்வொரு செல்லும் எண்ணிக்கைக்கு உட்பட்ட தடவைதான் அழித்து எழுதத் தாங்கும், மலிவான கார்டு அதற்கும் முன்பே வாயைப் பிளக்கும். ஒரே கார்டில் இருக்கும் கல்யாணப் போட்டோவைப் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. திருச்சுழிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கும். அந்தப் பிள்ளை தங்கியிருக்கும் அறையிலும் ஒரு பழைய போனை வைத்து, இரண்டையும் சின்க்திங்கில் இணைத்துவிடலாம். முதல் தடவை மட்டும் எல்லாவற்றையும் இணையத்தில் அனுப்பக் கூடாது, டேட்டா தாங்காது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது இரண்டு போன்களையும் ஒரே வைஃபையில் ஓர் இரவு விட்டால் போதும். அதற்குப் பிறகு அன்றன்று சேரும் படங்கள் மட்டுமே போகும்.